கதவுக்குள் பெய்த மழை

2024 அக்டோபர் நடுவில், வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் வரிசைகட்டி நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே தெருவில் விட்டால் மிதக்கும் என்று பயந்தவர்கள் வண்டியை மேலே ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். அந்த வரிசையில் என்னுடையதும் ஒன்று. பாலத்தின் இறங்குமுகத்தில், மூக்கு கீழே பார்க்க, கிடைத்த சந்தில் சொருகிவிட்டு வந்தேன். 2015 டிசம்பரில் எங்கள் பகுதியில் கார்களின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்ததைப் பார்த்தவன் நான். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். இந்த முறை நாம் முந்திக்கொண்டோம் என்று ஒரு கெத்து.

இரண்டு நாள் கழித்துப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். கால் வைத்த இடத்தில் ‘சளக்’ என்றது.

மேட்டைத் தூக்கிவிட்டு கார்ப்பெட்டில் விரலால் அழுத்தினேன். குழி விழுந்த இடத்தில் தண்ணீர் ஊறி நின்றது. நான்கு கண்ணாடியும் முழுக்க ஏற்றித்தான் இருந்தன. கதவும் பூட்டித்தான் இருந்தது. டயரின் பாதி உயரத்துக்குக்கூடத் தண்ணீர் வராத பாலத்தின் மேல் நின்ற வண்டிக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் எப்படி வந்தது?

முதலில் போனது சர்வீஸ் சென்டருக்கு. அங்கிருந்த தம்பி மேட்டைத் தொட்டுப் பார்த்தார். “ஏசி டிரெயின் பைப் அடைச்சிருக்கும் சார்” என்று ஜாப் கார்டில் எழுதினார். மாலையில் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டதாகச் சொல்லி பில்லை நீட்டினார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏசியின் குளிர்ச்சுருளில் படியும் நீர் ஒரு சின்னக் குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளேதான் கொட்டும். ஆனால் அது பெரும்பாலும் இடதுபக்கம், முன்னால் உட்காருபவரின் காலடியில்தான் நனையும். சித்திரை வெயிலிலும் வரும். என் வண்டியில் நனைந்ததோ ஓட்டுநர் பக்கம். அதுவும் இன்ஜினே போடாமல் நின்ற இரண்டு நாளில். இதையெல்லாம் நானும் அப்போது யோசிக்கவில்லை. பில்லைக் கட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மழைக்கும் அதே பாலம், மறுபடி சளக். இந்த முறை போனது சீட் கவர், ஸ்பீக்கர் விற்கும் ஒரு கடைக்கு. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பீடிங்கைக் காட்டி, “இது வழியாத்தான் இறங்குது” என்றார் கடைக்காரர். துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்து, பீடிங் நெடுகச் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டார். வண்டி முழுக்க வினிகர் வாடை. அன்று இரவே கண்ணாடியை இறக்கியபோது பாதிச் சிலிக்கான் பிய்ந்து, கண்ணாடியில் இழுபட்டுக் கோடு போட்டது. அதற்கடுத்த மழையில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாகத்தான் புதுப்பேட்டைப் பக்கம், பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷெட் போட்டிருக்கும் பாயிடம் போனேன். வயது அறுபதுக்கு மேல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவையே பார்த்தார்.

“கண்ணாடி ஓரத்துல என்ன சார் இது, பூரான் மாதிரி?”

“தண்ணி உள்ள போகாம இருக்கறதுக்கு, பாய்.”

“கதவுக்குள்ள தண்ணி போகணும் சார். போய்ட்டு வெளிய வரணும். நீங்க போற எடத்த அடைச்சிட்டு, வர்ற எடத்த விட்டுட்டீங்க.”

சொல்லிவிட்டுக் கதவைப் பாதி திறந்து, இளநீரை ஆட்டிப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் அசைத்தார். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் எனக்கும் கேட்டது. பக்கத்தில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். கீழே குனிந்து, கதவின் அடிவிளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போய், முன்மூலையில் ஓர் இடத்தில் குத்தினார். தார் மாதிரி கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்து அவர் செருப்பை நனைத்தது. சின்னப் பையன் மூத்திரம் போவதுபோல ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தது.

கதவின் வயிறு

கார்க் கதவு என்பது தகரத்தில் செய்த ஓர் உறை. வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. நடுவில் காலியிடம். கண்ணாடி இறங்கினால் போய் உட்கார வேண்டிய இடம் அது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், மோட்டார், பூட்டு, ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்தான். கண்ணாடி மேலும் கீழும் நகர வேண்டும் என்றால், அதற்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, உரசிக்கொண்டு நிற்கத்தான் முடியும். எனவே கண்ணாடியில் வழியும் மழையில் ஒரு பங்கு அந்த ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கியே தீரும். புதிதாக ஷோரூமிலிருந்து எடுத்த வண்டியிலும் இறங்கும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும் இறங்கும்.

கார் செய்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கதவின் அடியில் இரண்டு மூன்று துளைகளை விட்டுவைக்கிறார்கள். உள்ளே இறங்கும் தண்ணீர் வெளித்தகட்டின் உள்பக்கமாக வழிந்து, அடியில் சேர்ந்து, அந்தத் துளைகள் வழியே தெருவுக்குப் போய்விட வேண்டும். மழையில் நிற்கும் எந்தக் காரையும் குனிந்து பாருங்கள். கதவின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தால் அது ஆரோக்கியமான வண்டி.

சிக்கல் உள்தகட்டில்தான் இருக்கிறது. ரெகுலேட்டரையும் பூட்டையும் கழற்றி மாட்டக் கை நுழைய வேண்டுமே! அதற்காக உள்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றின் மேல் ஒரு ஷீட்டை ஒட்டி மூடிவிட்டு, அதற்கு மேல் நாம் கை வைத்துக்கொள்ளும் டோர் பேடை மாட்டுகிறார்கள். மழைக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் நிற்பது அந்த ஷீட் ஒன்றுதான். பழைய வண்டிகளில் அது தார் பூசிய காகிதம். பிறகு பாலிதீன் வந்தது. இப்போது சில வண்டிகளில் மெல்லிய ஃபோம் ஷீட். சுற்றிலும் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு பசை. இத்தனை பெரிய வண்டியில் இத்தனை முக்கியமான வேலையைச் செய்யும் பொருள், பார்ப்பதற்கு ஜவுளிக்கடைப் பை மாதிரிதான் இருக்கும்.

பாய் என் கதவின் டோர் பேடைக் கழற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டார். கைப்பிடிக் குழிக்குள் ஒரு மூடி, அதை நெம்பினால் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. கண்ணாடி ஸ்விட்ச் பலகைக்கு அடியில் இன்னொன்று. மூன்றாவதை விரலால் தேடியே கண்டுபிடித்தார். பிறகு தட்டையான பிளாஸ்டிக் பட்டையை அடியில் விட்டு நெம்ப, கிளிப்புகள் ‘டப், டப்’ என்று ஒவ்வொன்றாக விட்டன. இரண்டு உடைந்தன. “ஜிபி ரோட்ல கைநிறைய கெடைக்கும்” என்று தூக்கிப் போட்டார். டோர் பேடை மேல்நோக்கித் தூக்கி, பூட்டின் கேபிளையும் ஸ்விட்ச் வயர்களையும் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். பேடின் உள்பக்கம் அடியில் நீர் ஏறி நின்ற கறை, அதன் மேல் வெள்ளையாகப் பூசணம்.

ஷீட் இருந்தது. ஆனால் ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு பிளேடால் கிழித்து, கிழித்ததை ஒட்டாமல் அப்படியே மடக்கிவிட்டிருந்தார்கள்.

“ஸ்பீக்கர் மாத்துனீங்களா?”

மாற்றினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால்.

ஸ்பீக்கர் மாற்றியவன், பூட்டு போட்டவன்

கதவு வழியாக ஒழுகுகிறது என்று பாயிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதவை அதற்கு முன் யாராவது ஒருவர் திறந்திருப்பார் என்கிறார் அவர். ஸ்பீக்கர் மாட்டியவர், சென்ட்ரல் லாக் போட்டவர், பவர் விண்டோ மோட்டார் மாற்றியவர், ஆக்சிடென்ட் வண்டியின் வெளித்தகட்டை மாற்றிய டிங்கர். இவர்களுக்குச் சொன்ன வேலை வேறு. அந்த வேலைக்கு ஷீட் குறுக்கே நிற்கிறது. பசையோடு பிரித்து, தூசி படாமல் வைத்து, மறுபடி ஒட்ட அரைமணி நேரம் ஆகும். பிளேடுக்கு அரை நொடி போதும். டோர் பேடை மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த ஐப்பசிவரை தெரியாது. பாட்டு நன்றாகக் கேட்டால் போதும் என்று நாமும் வந்துவிடுகிறோம்.

ஆனால் ஸ்பீக்கர் மாற்றி இரண்டு மழைக்காலம் போன பிறகு ஏன் இப்போது ஒழுகியது? அதற்கும் பாயிடம் பதில் இருந்தது. முன்மூலையில் அடைத்திருந்த கறுப்புப் பொருள், வண்டி வாங்கியபோது துரு பிடிக்காமலிருக்க நான் காசு கொடுத்து அடித்த அண்டர்பாடி கோட்டிங். தெளித்தவர் கதவின் விளிம்பிலும் சேர்த்துத் தெளித்துவிட்டார். துருவைத் தடுக்கப் போட்டது, துருவுக்கு ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருந்தது. பின்மூலைத் துளை திறந்திருந்ததால் சமதரையில் நிற்கும்வரை தண்ணீர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வண்டியை மூக்கு கீழே பார்க்கப் பாலத்தின் சரிவில் நிறுத்தினேன் இல்லையா, அன்றைக்குத் தண்ணீரெல்லாம் முன்மூலைக்கு ஓடிவந்து தேங்கியது. ஸ்பீக்கர் இருப்பதும் கதவின் முன்பக்கம், கீழேதான். ஷீட் கிழிந்திருப்பதும் அங்கேயேதான். தேங்கியது கிளிப் துளைகள் வழியே கசிய, மேலிருந்து வழிந்தது கிழிசல் வழியே பேடின் பின்பக்கமாக இறங்க, இரண்டும் சேர்ந்து கதவுப்படியைத் தாண்டி கார்ப்பெட்டுக்குள் போய்விட்டன.

வெள்ளத்துக்குப் பயந்து மேலே ஏற்றியதால்தான் நனைந்தது என்பதைக் கேட்டு வீட்டில் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

ஓட்டு வீடும் ஒரு துண்டு பாலிதீனும்

பாய் பழைய ஷீட்டை முழுக்க உரித்துப் போட்டார். புதியதை ஒட்டும் முன் ஒரு காரியம் செய்தார். ஏற்றியே இருந்த கண்ணாடியின் மேல் ஒரு மக்குத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே, உள்தகட்டின் ஓட்டை வழியே டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் சர சரவென்று வெளித்தகட்டின் உள்பக்கமாக இறங்கியது. கொஞ்சம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு இறங்கி, ரெகுலேட்டரின் கம்பியில் பட்டுத் தெறித்தது. தெறித்த துளிகள் ஷீட் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி என் முழங்கையில் விழுந்தன. இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். கதவுக்குள் மழை பெய்வதை அன்றுதான் பார்த்தேன்.

புது ஷீட்டுக்கு, கான்கிரீட் போடும் முன் தரையில் விரிப்பார்களே, அந்தத் தடித்த பாலிதீனில் ஒரு துண்டு. பழைய ஷீட்டை மேலே வைத்து மார்க்கரால் வரைந்து வெட்டினார். கம்பெனி ஷீட் கிடைக்கும் வண்டிகளுக்கு அதையே வாங்கிப் போடலாம். கிடைக்காத வண்டிக்கு இதுவே போதும். பொருளைவிட ஒட்டும் முறைதான் முக்கியம்.

நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில், மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்கும். மாற்றி வேய்ந்தால் வீடு ஒழுகும். இங்கேயும் அதே கணக்கு. ஷீட்டின் கீழ்விளிம்பு உள்தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அடியில் இருக்கும் நீளமான ஓட்டை வழியே கதவின் வயிற்றுக்குள் நுழைந்து தொங்க வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் வழியும் தண்ணீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழும். வெளியே ஒட்டினால், எத்தனை நல்ல பசை போட்டாலும், தண்ணீர் பசையின் மேல் உட்கார்ந்து என்றைக்காவது ஒருநாள் வழி கண்டுபிடித்துவிடும். சுற்றிலும் நன்றாக ஒட்டி, கீழே மட்டும் வெளியே விட்ட ஷீட்டுகளைப் பாய் நிறையப் பார்த்திருக்கிறார். அவற்றில் சில சர்வீஸ் பில்லோடு வந்தவை.

பசைக்கு வருவோம். அந்தக் கறுப்புப் பிசினின் பெயர் பியூட்டில். 1937இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இருவர் உருவாக்கிய செயற்கை ரப்பரிலிருந்து வந்தது. காற்றையும் நீராவியையும் இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு நன்றாக அடக்கும் என்பதால் டயர் டியூபுக்குப் போனது. கதவுக்குள் வந்த காரணம் வேறு. அது இறுகிக் கல்லாவதில்லை. வருடக்கணக்கில் மெத்தென்றே இருக்கும், அதிர்வில் விட்டுப் போகாது. தேவைப்பட்டால் மெதுவாக இழுத்துப் பிரித்து, வேலை முடிந்ததும் அழுத்தி ஒட்டிவிடலாம். நாளைக்குக் கண்ணாடி மோட்டார் போனால் கதவை மறுபடி திறக்கத்தானே வேண்டும்?

சிலிக்கானில் அது நடக்காது. காய்ந்த சிலிக்கானைப் பிரித்தால் ஷீட் கிழியும். அதன் மேல் வேறு பசை எதுவும் சரியாக ஒட்டாது. வினிகர் வாடை அடித்தது என்று சொன்னேனே, அது அந்தச் சிலிக்கான் காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம். தகரத்தில் பெயிண்ட் உரிந்த இடம் இருந்தால் அங்கே துருவுக்கு அதுவே பிள்ளையார் சுழி. பாத்ரூம் மூலைக்கு வாங்கிய டியூபைக் காருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பாய் உள்தகட்டில் ஒட்டிக்கிடந்த பழைய பியூட்டிலை, புதுப் பியூட்டில் உருண்டையாலேயே ஒற்றி ஒற்றி எடுத்தார். கையில் ஒட்டிய வெல்லப்பாகை இன்னொரு பாகால் எடுப்பதுபோல அழகான வேலை. மிச்சத்தை ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார். “மண்ணெண்ணெய் போட்டா எண்ணெய்ப் பசை தங்கும், ஒட்டாது.” பிறகு ரோலிலிருந்து விரல் தடிமன் பியூட்டிலை இடைவெளி விடாமல் சுற்றிப் பதித்தார். ஆரம்பித்த இடமும் முடித்த இடமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். ஷீட்டை மேலிருந்து கீழாக ஒட்டி, கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தினார். வயர் வெளியே வரும் இடத்தில் மட்டும் கூடுதலாக ஓர் உருண்டை. அந்த வயரைக் கதவுக்குள்ளே கொஞ்சம் தொய்வாக விட்டு, பிறகு மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு மின்கம்பத்திலிருந்து வரும் வயரை லைன்மேன் தொய்யவிடுவது ஏன் என்று தெரியுமல்லவா? வயரைப் பிடித்துக்கொண்டு வரும் தண்ணீர் தொய்வின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

மொத்தம் ஒரு மணி நேரம். பொருள்களுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். நான் அதற்கு முன் கொடுத்த இரண்டு பில்களின் தொகையை இங்கே எழுதப் போவதில்லை.

எங்கே என்று கண்டுபிடிக்க

எல்லா ஒழுகலும் ஷீட்டால் வருவதில்லை. கதவைச் சுற்றி ஓடும் பெரிய பீடிங் இன்னொரு சந்தேக நபர். ஏறி இறங்கும்போது காலால் மிதிபட்டு நசுங்கும், வெயிலில் விறைக்கும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். உரசலோடு வந்தால் பீடிங் வேலை செய்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. கதவு நெடுக ஒவ்வொரு சாணுக்கும் இப்படிப் பார்க்கலாம். ஓட்டுநர் கதவின் மேல்மூலையில் மட்டும் நோட்டு வழுக்கினால், பீடிங்கைத் திட்டாதீர்கள். கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கலாம். கதவை முழங்கையில் தாங்கித் தூக்கினால் ஆடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வீட்டிலேயே கருவி இருக்கிறது. கார்ப்பெட்டின் மேல் செய்தித்தாளைப் பரப்பி, கதவுப்படி நெடுக முகப்பவுடரைத் தூவிவிட்டு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே தோட்டத்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட வேண்டும். மெதுவாக, அழுத்தமில்லாமல், கதவின் கீழ்ப்பகுதியில் ஆரம்பித்து மேலே. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். பவுடரில் தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு வரும் பாதையைப் பாருங்கள். பீடிங்கின் மேலே ஏறி வந்தால் பீடிங். டோர் பேடின் அடியிலிருந்து சொட்டினால் ஷீட். வாட்டர் சர்வீஸ் பம்பை மட்டும் இந்தச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டாம். அந்த வேகத்தில் அடித்தால் நல்ல பீடிங்கையும் தாண்டும்.

கண்ணாடிக்கு முன்னால் வைப்பர் இருக்கும் குழியில் வேப்பிலையும் சருகும் அடைத்தால் வரும் ஒழுகல், சன்ரூஃப் குழாய் அடைப்பு, முன்கண்ணாடி மாற்றியபோது விட்டுப்போன பசை, இவையெல்லாம் தனித்தனிக் கதை. ஒரு விஷயம் மட்டும்: தண்ணீர் இனிப்பான வாடையோடு பிசுபிசுப்பாக இருந்தால் அது மழையே இல்லை, ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சில ஐரோப்பிய வண்டிகளில் ஷீட்டுக்குப் பதிலாகக் கெட்டியான தகடே உண்டு. ரெகுலேட்டர் முழுவதும் அதில் பொருத்தப்பட்டு, சுற்றிலும் ஃபோம் பட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். 1990களின் கடைசியில் வந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இந்த வகை. வருடங்கள் போகப் போக ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்து, பின்சீட்டின் காலடியில் குளம் கட்டும். உலகம் முழுக்க அந்த வண்டிக்காரர்கள் ஃபோமை சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் பியூட்டிலைத்தான் சுற்றினார்கள்.

நனைந்த பிறகு

தண்ணீர் வருவதை நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததாக நினைத்தேன். பாய் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு கை தடிமனுக்கு ஸ்பாஞ்சு. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அடியில் ஊறிக்கிடக்கும். காலையில் கண்ணாடிகள் உள்பக்கமாகப் பனி மூட்டம் போட்டுக்கொண்டிருந்தால், வண்டிக்குள் எங்கோ தண்ணீர் இருக்கிறது என்று பொருள். நனைந்த நாயின் வாடை வருவதற்கு ஒரு வாரம் முன்பே கண்ணாடி சொல்லிவிடும்.

ஸ்பாஞ்சுக்கு அடியில்தான் வயர்க் கட்டுகள் ஓடுகின்றன. சில வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அங்கேயே. பச்சை பூத்த ஒரு இணைப்பு, டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத ஒரு விளக்கை எரியவைக்கும். எலக்ட்ரீஷியன் ஒரு மாதம் தேடுவார். இன்னொன்றும் உண்டு. சில மாடல்களில், பக்கவாட்டு மோதலை ஏர்பேக்குக்குச் சொல்லும் அழுத்த உணரி கதவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. கதவு நசுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் திடீரென்று ஏறுவதை வைத்துத்தான் அது மோதலை அறிகிறது. அந்த வண்டிகளில் ஷீட்டைக் கிழித்து ஓட்டையாக விடுவது மழையோடு நிற்கும் விஷயம் இல்லை. டோர் பேடில் துளை போடாதே, ஸ்பீக்கரை மாற்றாதே என்று சில கம்பெனிகள் கையேட்டில் எச்சரிப்பது இதனால்தான். கையேட்டை யார் படிக்கிறார்கள்?

கார்த்திகை மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் அதற்கு அடியில் ஏர்பேக் வயர் இருக்கும், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கழற்றாமல் முடிந்தவரை கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் செய்தித்தாளைத் திணித்துக் காலையும் மாலையும் மாற்றினேன். இரவில் டேபிள் ஃபேன். ஓட்டும்போது ஏசியோடு ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் ஈரத்தை வேகமாக இழுக்கும். ஐந்து நாள் ஆனது. அந்த வாரத்தின் தலையங்கங்கள் எல்லாம் என் காலடியில் கரைந்தன.

இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் மின்பழுதும் இயந்திரப் பழுதும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. வெள்ளம் மூழ்கடித்தால் பணம் உண்டு. ஷீட் விட்டுப்போய் ஒழுகினால் இல்லை. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வேறு காரணத்தால் க்ளெய்ம் கிடைத்தாலும் பாதி மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். ‘பம்பர் டு பம்பர்’ போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கு அந்தக் கழிவு மிச்சம், ஒழுகலுக்குப் பணம் அதிலும் இல்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. ஈர வாடை அடிக்கும் வண்டியெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியது என்று ஓடிவிட வேண்டியதில்லை. ஓடவேண்டிய வண்டியும் உண்டு. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக்கறை இருந்தால், சீட் தண்டவாளத்தில் துருவும் மண்ணும் அப்பியிருந்தால், அது மூழ்கி எழுந்த வண்டி. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பெல்ட் சுத்தமாக இருந்து, ஒரே ஒரு காலடி மட்டும் நனைந்திருந்தால், விலையில் பேரம் பேசிவிட்டு வாங்கி, நேராக ஒரு பாயைத் தேடிப் போகலாம்.

அடுத்தமுறை யாராவது உங்கள் கார்க் கதவைத் திறந்தால், டோர் பேடை மாட்டும் முன் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். ஷீட் முழுசாக இருக்கிறதா, கீழ்விளிம்பு உள்ளே போயிருக்கிறதா, போனில் ஒரு படம். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நவம்பர் கடைசியில் மறுபடி விடிய விடிய மழை. காலையில் குடையோடு கீழே இறங்கினேன். அடுக்ககத்து வாட்ச்மேன் என் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், கதவுலேர்ந்து தண்ணி ஊத்துது பாருங்க. ஒழுகுது போல.”

குனிந்து பார்த்தேன். முன்மூலையில் ஒரு தாரை, பின்மூலையில் ஒரு தாரை. கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். முந்தாநாள் விரித்த செய்தித்தாள் மொறமொறவென்று கிடந்தது.

“ஒழுகட்டும்ணே” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மோட்டார் ரூம் பக்கம் எழுந்து போனார்.